சத்தமில்லாமல் திருத்தணிக்கு

1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை. அன்று முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று அரசாங்கம் முடிவு செய்து கெஜட்டிலும் போட்டாயிற்று. வடமாலபேட்டை டாக்சி டிரைவர் கோவர்த்தனனுக்கு எல்லைக்கோடு எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். ஆனால் அவன் டாக்சிக்கு இருந்த பர்மிட் சித்தூர் ஜில்லாவுக்கு மட்டும். அவன் பெண்டாட்டி யசோதாவும், ஐந்தாம் மாதம் நடக்கிற பெண் குழந்தையும் திருத்தணியில் இருந்தார்கள். மார்ச் மாதம் முடிவதற்குள் போய் அழைத்து வந்துவிட்டால் உள்ஜில்லா சவாரி. அதற்கப்புறம் என்றால் வெளிராஜ்யம். இன்னொரு ராஜ்யத்தின் முத்திரை இல்லாமல் வண்டி உள்ளே போகாது. அந்த முத்திரை எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லை.

வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. எல்லா வினையும் அந்தச் சத்தத்தில்தான் வந்தது.

குழந்தையைத் தொட்டிலில் போட்ட அன்று கோவர்த்தனன் தன் ஆஸ்டின் காரில் மாமனார் வீட்டுக்குப் போனான். தெருமுனையில் திரும்பும்போதே எஞ்சின் முன்பக்கம் கலகலவென்று தகர டப்பாவில் வேர்க்கடலையைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஆரம்பித்துவிட்டது. வாசலில் வண்டி நிற்பதற்குள் உள்ளே குழந்தை வீறிட்டது. மாமனார் கன்னையா நெல்லும் கரும்பும் போடுகிற மனிதர், திருத்தணியைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைக் கூட்டம் ஒன்று விடாமல் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தவர். விருந்தாளிகள் எல்லோரும் பார்த்திருக்க எழுந்து வெளியே வந்தார்.

"இன்னா மாப்ள, காரா இது, கடலக்கா மிஷினா?"

பந்தல் முழுக்கச் சிரித்தது.

"இந்த வண்டில என் பேத்திய ஏத்த மாட்டேன். பஸ்ஸுல அந்தக் கும்பல்லயும் ஏத்த மாட்டேன். சத்தமில்லாம ஒரு வண்டி கொண்டா, அஞ்சாம் மாசம் நானே தூக்கியாந்து உக்கார வெக்கறேன். இல்லாங்காட்டி நீ இங்க வந்துடு. எப்டியும் நாங்க மெட்ராஸ் போறோம்."

குடும்பத்தோடு ரயிலேறப் போகிறவர் மாதிரி சொன்னார். பத்துப் பேர் முன்னால் சொன்ன வார்த்தை. கன்னையா அதை மாற்றமாட்டார் என்பது கோவர்த்தனனுக்குத் தெரியும். தான் போய்ச் சேரவில்லையென்றால் யசோதாவும் குழந்தையும் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்பதும் தெரியும்.

விஜயபுரத்துப் பிள்ளை அவன். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம், இரண்டு அண்ணன்மார். ஏர் பின்னால் நடக்கவிட்டால் கண் திறந்தபடியே எங்கேயோ போய்விடுவான். உழவுசால் நேராகப் போய், வரப்பைத் தாண்டி, பக்கத்து வயலுக்குள் நுழையும். மாடுகளுக்குக்கூட அது தப்பு என்று தெரிந்து நின்றுவிடும், அவன் நிற்கமாட்டான். கடைசியில் அண்ணன்மாரே கும்பிட்டு, சித்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் கார் துடைக்க அனுப்பிவிட்டார்கள். துடைத்துத் துடைத்து ஓட்டக் கற்றுக்கொண்டான். ஆச்சரியம் என்னவென்றால், ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவன் கனவும் ரோடும் ஒரே பக்கமாகப் போயின. ஆந்திர ராஜ்யம் பெரிதாகி டாக்டர் ஹைதராபாத்துக்குக் கிளம்பியபோது, விஜயபுரத்தில் தன் பங்கு நிலத்தை அண்ணன்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு அந்தக் காரை எடுத்துக்கொண்டான். "மண்ண வுட்டுட்டு தகரத்த வாங்கனவன்" என்று கன்னையா சொல்வது இதைத்தான்.

வடமாலபேட்டையில், மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய வீட்டில் குடிவந்து கல்யாணமும் ஆனது. யசோதா வந்ததும் முதலில் கண்டது, அவன் ஆரம்பித்து நிறுத்தின காரியங்களை. குளிக்கிற இடத்துக்கு எழுப்பின சுவர் இடுப்பளவில் நின்றது. கோழிக்கூண்டுக்குக் கதவில்லை. கேட்டால், "நாளைக்கு முடிச்சிடறேன்" என்பான். சொல்லிவிட்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். அதில் பொய் இல்லை. மனசுக்குள் அந்தச் சுவர் எழும்பி, சுண்ணாம்பும் அடித்து, அதில் வெயில் விழுவதையும் பார்த்திருப்பான். அதற்கப்புறம் கல்லைத் தூக்க எதற்கு?

மார்ச் கடைசி வாரம். திருப்பதியில் உகாதிக் கூட்டம். ஒர்க் ஷாப்பில் வண்டிகள் தெருவரைக்கும் நின்றன. "பண்டிகை போகட்டும், அடுத்த வாரம் கொண்டுவா" என்றார் மேஸ்திரி. அடுத்த வாரம் என்பது ஏப்ரல். கோவர்த்தனன் வண்டியை வீட்டுக்கு ஓட்டிவந்து புங்கமரத்தடியில் நிறுத்தினான். தானே பிரிப்பது என்று முடிவு.

தண்ணீரை இறக்கி, ரேடியேட்டரைக் கழற்றி, பெல்ட்டை உருவி, கீழே இருந்த பெரிய நட்டோடு அரை நாள் மல்லுக்கட்டிக் கடைசியில் முன்மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு பல்சக்கரங்கள். கீழே சின்னது, மேலே பெரியது, இரண்டையும் சுற்றி ஒரு செயின். கீழ்ச் சக்கரம் சுற்ற, செயின் மேல் சக்கரத்தை இழுக்கும். எஞ்சின் எப்போது மூச்சு வாங்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று காலம் சொல்வது அந்தச் செயின்தான். அது தொங்கிப்போகாமல் பக்கத்திலிருந்து ஒரு ரப்பர் நாக்கு அழுத்திப் பிடித்திருக்கும். நாக்குக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங். அந்தச் சின்னச் சாமானுக்கு டென்ஷனர் என்று பேர்.

அவன் டென்ஷனரில் நாக்கு இல்லை. செயின் தின்று தின்று ரப்பர் தேய்ந்து, அடித்தகடு பளபளவென்று தெரிந்தது. செயின் தளர்ந்து, மூடியின் உட்புறத்தில் அடித்து அடித்து ஒரு பிறைச்சந்திரன் வரைந்திருந்தது. கோவர்த்தனன் அந்தப் பிறையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். எத்தனை யாத்திரைக்காரர்களை ரேணிகுண்டா ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக்கு ஏற்றிப்போனான்! அவர்கள் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருக்க, இங்கே இருட்டில் இது சத்தம்போட்டு நிலா வரைந்துகொண்டிருந்திருக்கிறது. அழகாகத்தான் இருந்தது. அப்புறம் குழந்தை வீறிட்டது ஞாபகம் வந்து எழுந்தான்.

பழைய சாமானைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறித் திருப்பதி போனான். ஸ்பேர் கடை நாகபூஷணத்திடம் நல்லவேளையாக ஒன்று இருந்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, கூடவே எல் எழுத்து மாதிரி வளைந்த ஆறுபட்டைச் சாவி ஒன்றும் கொடுத்தார். கடையில் கூட்டம் தோளோடு தோள் இடித்தது. லாரிக்காரர்கள், பஸ்காரர்கள், எல்லோருக்கும் எல்லாமும் உடனே வேண்டும். நாகபூஷணம் தெலுங்குக்காரர், ஒரே நேரத்தில் நாலு பேருக்குப் பதில் சொல்லக்கூடியவர்.

"இதி தகிலிஞ்சி, போல்ட்லு பாக பிகிஞ்சு," என்றார். மாட்டிவிட்டு போல்ட்டுகளை நன்றாக இறுக்கு. "பிகிஞ்சினாக்க, ஈ கீ ஏசி வதுலு. மர்ச்சி போவத்து!" இறுக்கின பிறகு இந்தச் சாவியைப் போட்டு வதுலு, மறந்துவிடாதே.

"வதுலா?" என்றான் கோவர்த்தனன்.

"ஆ, வதுலு, வதுலு!" என்று சொல்லிக்கொண்டே அவர் ஒரு லாரிக்காரரின் பக்கம் திரும்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அந்த வார்த்தை அவனோடு கூடவே வந்தது. வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, இரண்டும் அவன் நாக்கில் முட்டாமல் புழங்கும். ஆனால் வண்டி என்று வந்துவிட்டால் வதுலு என்பதற்கு அவனுக்குத் தெரிந்தது ஒரே அர்த்தம்தான்: லூஸ். சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எந்த ஒர்க் ஷாப்பிலும் நட்டு வதுலு என்றால் நட்டு லூஸ், பெல்ட் வதுலு என்றால் பெல்ட் லூஸ். தமிழ் பேசுகிற மேஸ்திரியும் அப்படித்தான் சொல்வார். ஆக, செயினை லூசாக விட வேண்டும். முதலில் விசித்திரமாகத்தான் பட்டது. பஸ் ரேணிகுண்டா தாண்டுவதற்குள் நியாயம் என்று தோன்றிவிட்டது. சைக்கிள் செயினை யாராவது விறைப்பாகக் கட்டுவார்களா? விரலால் அழுத்தினால் கொஞ்சம் இறங்க வேண்டும். கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டினால் மழையில் அறுந்துபோகிறது. மாமனார் ஊரை இறுக்கிப் பிடிக்கிறார், கவர்மெண்டு எல்லைக்கோட்டை இறுக்கிப் போடுகிறது. கொஞ்சம் வதுலாக விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஜன்னல் காற்றில் அவனுக்கு அது பெரிய ஞானமாகப்பட்டது. யசோதா வந்ததும் சொல்ல வேண்டும் என்று எடுத்து வைத்துக்கொண்டான்.

அவன் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, புதுச் சாமானின் நாக்கு உள்ளே இழுத்துக்கொண்ட நிலையில்தான் வந்திருந்தது. மாட்டிப் பார்த்தான். நாக்கு செயினைத் தொடவில்லை. நடுவில் தாராளமாக இடம். செய்தவனே வதுலாகச் செய்து அனுப்பிவிட்டான் என்று கோவர்த்தனன் மகிழ்ந்துபோனான். இனி இந்தச் சாவிக்கு என்ன வேலை? சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியை மூடினான். ரேடியேட்டரை ஏற்றித் தண்ணீர் ஊற்றினான். புதன்கிழமை, முப்பதாம் தேதி, பொழுது சாய்கிற நேரம்.

கைப்பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கலகலவென்று அல்ல, இந்தத் தடவை கடகடவென்று, பாத்திரக்கடைமேல் ஆள் விழுந்த மாதிரி. பக்கத்து வீட்டுச் சந்திரம்மாவின் மாடு கட்டுத்தறியைச் சுற்றிவந்தது. காக்காய்கள் மரத்தைவிட்டுப் போயின. கோவர்த்தனன் எஞ்சினை நிறுத்திவிட்டு மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரம் பார்த்து மெட்ராஸ்–திருப்பதி பஸ் வந்து வீட்டெதிரில் நின்றது. ஓட்டுகிற சிட்டிபாபு அவன் கூட்டாளி. தினம் திருத்தணி வழியாக வந்து போகிறவன். யசோதாவிடமிருந்து ஏதாவது சேதி இருந்தால் நிறுத்துவான்.

"இன்னாடா, ஊர் எல்லை தாண்டும்போதே சத்தம் கேக்குது? ரிப்பேர் பண்ணியா, இல்ல இருந்த ரிப்பேரக் கலச்சியா?"

"மாட்டியாச்சு. இன்னாவோ தெரியல."

"அரை மேஸ்திரின்னு சும்மாவா பேரு வெச்சேன் உனக்கு? சுவரு அரை, கூண்டு அரை, இப்ப காரும் அரை. நல்லவேள, புள்ளய முழுசா பெத்த."

பஸ்ஸுக்குள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிட்டிபாபு எட்டிக் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"தங்கச்சி சொல்லச் சொல்லிச்சு. நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் வாசல்ல பாத்துக்கினு இருப்பேன்னிச்சு."

"வரலேன்னா?"

"அத நானும் கேட்டேன். வரலேன்னா பஸ்ஸுல வர மாட்டாளாம். நைனா சொன்னதுக்காவ இல்லியாம். 'வரேன்னு சொன்னவரு அவுரு. ஒண்ணே ஒண்ணாவது சொன்னத முடிக்கட்டும்'னுச்சு. காலைல இந்தப் பக்கம்தான் போவேன், பதில் சொல்லு."

பஸ் போய்விட்டது. அவன் சாப்பிடாமல் படுத்தான். செயின் மூடிக்குள் அடிக்கிறது கனவிலும் கேட்டது. கனவில் அது தகரத்தின்மேல் சித்தூர் ஜில்லா பூராவையும் வரைந்துகொண்டிருந்தது. புத்தூர், நகரி, ஏகாம்பரகுப்பம் வரைக்கும் வந்து, அதற்குமேல் தகரம் முடிந்துபோயிற்று.

விடிந்தும் விடியாமலும் எழுந்து வண்டி முன்னால் உட்கார்ந்தான். எதைத் திறப்பது, எதை மூடுவது என்று பிடிபடவில்லை. மலைமேல் பனி இறங்கி, அடிவாரம் இருப்பதும் இல்லாததுமாக இருந்தது. வேலி அந்தப் பக்கம் சந்திரம்மா செம்போடு மாட்டின் பக்கத்தில் குந்தினாள். தெலுங்குக்காரி. அவனிடம் பேசும்போது பாதி தமிழ் கலக்கும், கோபம் வந்தால் கலக்காது.

"ஏம்ப்பா கோவர்த்தனா, நேத்து நீ போட்ட சத்தத்துக்கு நா ஆவு பாலே இவ்வலேது. பால் இல்லாம காப்பிக்கி என்னா பண்ணுவேன்? சும்மா கூர்ச்சுன்னாவு கதா, வச்சி ஆ தூடனி வதுலு."

சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், வந்து அந்தக் கன்றுக்குட்டியை விடு என்கிறாள். அவன் எழுந்து வேலி தாண்டிப் போனான். முளைக்குச்சியில் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக் கையில் பிடித்தான். கன்று மாட்டின் பக்கம் இழுத்தது. முழங்கால் உயரம்கூட இல்லாத உயிர். கயிறு விறைத்து உள்ளங்கையை அறுத்தது. அவன் நினைவு எங்கேயோ இருந்ததால் பிடித்தபடியே நின்றான்.

"பட்டுக்கோனி நில்சுன்னாவேமி? வதுலய்யா!" பிடித்துக்கொண்டே நிற்கிறாயே என்கிறாள்.

கையைத் திறந்தான்.

கன்று பாய்ந்தது. நாலு கால்களும் மண்ணில் படாத மாதிரி ஒரே தாவல். தாயின் மடியில் தலையால் ஒரு முட்டு முட்டி, அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்குமிங்கும் நெளிந்துகொண்டிருந்த மாடு அசையாமல் நின்றது. அந்தக் காலைநேரத்தில் பால் இறங்குகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

கோவர்த்தனன் விரித்த கையோடு நின்றான். மாட்டுக்கொட்டிலில் இந்த வார்த்தையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். இங்கே வதுலு என்றால் லூஸ் இல்லை, விடு. பிடித்து வைத்திருப்பதை விட்டுவிடு, அது தானே போய்ப் பிடித்துக்கொள்ளும். செய்தவன் நாக்கை உள்ளே இழுத்துக் கட்டிப்போட்டுத்தான் அனுப்பியிருக்கிறான், மாட்டுகிறவனுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று. அவிழ்த்துவிடத்தான் அந்தச் சாவி. நாகபூஷணம் கன்றை அவிழ்க்கச் சொன்னார். இவன் கயிற்றை லூசாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறான்.

"ஏமாயிந்திரா நீக்கு?" என்றாள் சந்திரம்மா, என்ன ஆயிற்று உனக்கு என்று.

"உன் கன்னுகுட்டிக்குப் புண்ணியம் அக்கா!" என்று வேலியை ஏறிக் குதித்தான்.

தண்ணீரை இறக்கினான். ரேடியேட்டர், பெல்ட், பெரிய நட்டு. ஏற்கெனவே கழன்ற நட்டு என்பதால் இன்று மல்லுக்கட்டவில்லை. நடுவே மெட்ராஸ் போகிற பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கோவர்த்தனன் முழங்கைவரை எண்ணெயோடு ரோட்டுக்கு ஓடினான்.

"சொல்லிடு, இன்னிக்கி வரேன்னு!"

"வண்டி துண்டு துண்டா கீது. எந்த இன்னிக்கி?"

"இன்னிக்கின்னா இன்னிக்கிதாண்டா. போ!"

சிட்டிபாபு அவனை ஏற இறங்கப் பார்த்தான். கிண்டல் ஏதோ வாய்வரை வந்து திரும்பிப்போனது தெரிந்தது. தலையை ஆட்டிவிட்டு கியரைப் போட்டான்.

முன்மூடி திறந்தது. டென்ஷனரின் அடியில் ஒரு சின்ன அடைப்பு. அதைக் கழற்றினால் ஆறுபட்டைத் துவாரம். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துச் செருகி, கடிகாரம் சுற்றுகிற பக்கமாக மெல்லத் திருப்பினான். டக். விரலுக்குள் ஏதோ விடுபட்டது. ரப்பர் நாக்கு ஒரு துள்ளலில் வெளியே வந்து செயினின் முதுகில் படிந்தது. தொங்கிக்கொண்டிருந்த செயின் நிமிர்ந்தது. அழுத்திப் பார்த்தான், கொடுத்தது, திரும்ப வந்தது. இன்னும் ஒரு தடவை அழுத்தினான். நாள் பூராவும் அப்படியே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நிழல் குறுகுவதைப் பார்த்துவிட்டு மூடியை எடுத்தான்.

உச்சிவெயிலில் கைப்பிடியைச் சுற்றினான். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சுற்றலாமா என்று குனிந்தவன், மட்கார்டு மெல்ல நடுங்குவதைக் கண்டான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் யாரோ மாவு சலிப்பது போல ஒரு சீரான ஒலி, அவ்வளவுதான்.

வேலி பக்கம் சந்திரம்மா எட்டிப் பார்த்தாள். "ஸ்டார்ட் காலேதா, பாவம்?" என்றாள், ஸ்டார்ட் ஆகவில்லையா என்று.

"ஓடிக்கினு கீது அக்கா!"

அவள் நம்பவில்லை. வந்து பானெட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். எத்தனையோ தடவை போன ரோடுதான். ஆனால் எஞ்சின் தன் குரலை அடக்கிக்கொண்டதும் ரோடு பேச ஆரம்பித்துவிட்டது. புத்தூர் தாண்டினதும் மாடு கட்டி நீர் இறைக்கிற கவலை ஏற்றம் ஒன்று கிறீச்சிட்டது. வேர்க்கடலைக் காட்டில் யாரோ கிளி விரட்டினார்கள். நகரியில் தறிகளின் சத்தம் தெருவுக்குத் தெரு தட்டுத்தட்டாக வந்து, இந்த வழியாக இத்தனை வருஷம் போயும் தான் அதைக் கேட்டதே இல்லையே என்று நினைத்தான். நகரி மலையின் மூக்குப்பாறை வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது. வண்டி போகிறதா, ரோடு பின்னால் போகிறதா என்று தெரியாத ஒரு மிதப்பு. எல்லை எங்கே வரப்போகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினான். ஏகாம்பரகுப்பத்துக்கு அந்தப் பக்கமும் அதே புளியமரம், அதே சுண்ணாம்புப் பட்டை அடித்த மைல்கல். கல்லில் தெலுங்கு எழுத்து. நாளைக்கு அதை யாராவது அழிக்க வருவார்கள் போலும்.

திருத்தணியில் கூட்டம் தெருவை அடைத்திருந்தது. மறுநாள் விழா. வாழைமரம் கட்டுகிறவர்கள், ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுக்கிறவர்கள், வேடிக்கை பார்க்கிறவர்கள். யாரும் வண்டி வருவதைக் கேட்கவில்லை. அவனே மெல்ல ஊர்ந்து வழி விடச் சொல்லிப் போக வேண்டியிருந்தது. கன்னையா வீட்டு வாசலில் அவரே ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார், முதுகு தெருப் பக்கம். கோவர்த்தனன் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். அவர் திரும்பவில்லை.

"மாமா," என்றான்.

கன்னையா திடுக்கிட்டுப் பெஞ்சிலிருந்து சரிந்து, பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டார். கைக்கடியில் வண்டி நடுங்குவது தெரிந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டார்.

"ஏம்பா, ஆரன் அடிக்கத் தெரியாது உனக்கு? மன்சன் வியுந்து சாவறதா?"

"குழந்த தூங்கினு இருக்குமோன்னு..."

கன்னையா தோரணத்தின் நுனியை விரலில் சுற்றினார். அப்புறம் குரலை மாற்றிக்கொண்டு, "சரி, சொன்னபடி வந்துட்ட. நானும் சொன்னது சொன்னதுதான். ஆனா நாளைக்கி விழா. வாணம் வுடறாங்க, சாப்பாடு போடறாங்க. இருந்து பாத்துட்டு சனிக்கெயம போங்க," என்றார்.

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். இருக்கிறேன் என்றால் வண்டி இங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டேன் என்றால் விழாவை மதிக்காதவன் ஆவான். அதற்குள் யசோதா மூட்டையை இடுப்பிலும் குழந்தையைத் தோளிலும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். காலையிலிருந்தே தயாராக இருந்தவள் மாதிரி இருந்தாள்.

"நாளைக்கி நீ வேற ராஜ்யம் நைனா. உன் ஊரு உனக்கு வந்துடுச்சி, நீ கொண்டாடு. என் ஊருக்கு நான் போறேன்."

"பாத்தியா மாப்ள," என்றார் கன்னையா. "நான் மீட்டிங்ல பேசக் கத்துக்கினது எல்லாம் எனக்கே திருப்பி வருது." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. சொன்ன வார்த்தைப்படி பேத்தியைத் தோளிலிருந்து தானே வாங்கி, யசோதா உட்கார்ந்ததும் மடியில் வைத்தார். குழந்தை கண்ணைத் திறந்தது. மூன்று பேரும் அதன் முகத்தையே பார்த்தார்கள். அது கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

நகரியில் தறிச்சத்தம் கேட்கிற இடம் வந்ததும் யசோதா கேட்டாள்.

"யாரு பண்ணது, மேஸ்திரியா?"

"நான்தான். வீட்டாண்ட, மரத்தடில."

"முழுசா?"

"ரெண்டு வாட்டி முழுசா," என்றான். கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னான். பஸ்ஸில் கிடைத்த ஞானத்தையும் மறைக்காமல் சொன்னான். யசோதா குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கினதும் முன்சீட்டின் முதுகில் சாய்ந்து, எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தாள். பொழுது இறங்கி, மலையும் ரோடும் ஒரே நிறமாகிக்கொண்டிருந்தன. வடமாலபேட்டையில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வண்டி வீடு சேர்ந்தது.

அந்த மே மாதம் கன்னையா பேத்தியைப் பார்க்க ரயிலில் வந்து புத்தூரில் இறங்கினார். திருத்தணிவரை போக முத்திரை இன்னும் கிடைக்காததால், கோவர்த்தனன் வண்டியோடு அந்த ஸ்டேஷனுக்குத்தான் போயிருந்தான்.